இடது பக்கத்து வண்டு

அவரை எல்லோரும் காதுக்காரர் என்றுதான் அழைத்தார்கள். ஒலிப்புத்தகம் போடும் கம்பெனி ஒன்றில், வெளியே போகிற ஒவ்வொரு பதிவையும் முதலில் கேட்டு, எங்கே இருமல், எங்கே தாள் புரளும் சத்தம், எங்கே நாற்காலி முனகல் என்று பொறுக்கிச் சொல்வது அவர் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர்கள் உண்டு. காதில் விட்டுக்கொண்டு கேட்டவர் இவர் ஒருவர்தான். எதிர்வீட்டு ஃபிரிட்ஜுக்குள் பால் திரிய ஆரம்பித்ததை இரண்டு சுவர் தாண்டிக் கேட்டு, போய் மணியடித்துச் சொன்னார். திறந்து பார்த்தால் திரிந்துதான் இருந்தது. அந்த வீட்டு அம்மாள் அன்றிலிருந்து இவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இவருடைய மனைவியால் அடுப்படியில் ஒரு பிஸ்கட் டப்பாவைக்கூட நிம்மதியாகத் திறக்க முடிந்ததில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு இப்போது ஒரு வண்டு இரைந்துகொண்டிருந்தது.

போன மாதம் ஒரு நாவலின் பதிவு வந்தது. வாசித்தவர் ஓர் அம்மாள். பெண்ணாகப் பிறந்ததால் மட்டுமே பெண்குரல் என்று சொல்லத்தக்க குரல் அது. கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருவதுபோல அத்தனை ஆழம். காதுக்காரர் தன் வீட்டுக் கூடத்தில், வழக்கம்போல இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, பிரதியைக் கையில் வைத்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டே கேட்டார். அந்த அம்மாள் குரல் தாழும் இடத்திலெல்லாம் இடது பக்கம் ‘ஞ்ஞ்ஞ்’ என்று ஒன்று கூடவே வந்தது. தீப்பெட்டிக்குள் பிடித்துப் போட்ட வண்டு மாதிரி. ‘பதிவில் இரைச்சல்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அந்த அம்மாள் மொத்த நாவலையும் மறுபடி வாசித்தார். மறுபடியும் வண்டு. மறுபடியும் திருப்பினார்.

இதற்கிடையில் கம்பெனியில் ஒரு மெஷின் வாங்கியிருந்தார்கள். பதிவைக் கொடுத்தால் அதுவே கேட்டு, குறை இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். இரண்டு பதிவையும் அதற்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் ஒரு குறையும் இல்லை என்றது.

அன்று காலை மேனேஜர் ஃபோன் செய்தார்.

“சார், சாயங்காலம் நானே உங்க வீட்டுக்கு வர்றேன். அந்தம்மாவையும் கூட்டிட்டு வர்றேன். உங்க பெட்டியிலயே போட்டுக் கேட்டுருவோம். வண்டு இருந்தா மெஷின வாங்கின எடத்துக்கே அனுப்பிடறேன்.”

“இல்லேன்னா?”

மேனேஜர் கொஞ்சம் மென்று முழுங்கினார். “நீங்களும் எத்தன வருஷந்தான் சார் கேட்டுக்கிட்டே இருப்பீங்க?”

ஃபோனில் பேச்சு முடிந்த பிறகும் காதுக்காரர் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கேட்கத் தெரியும். கேட்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆணியடித்தால் விரலில் அடிப்பார். கடைக்கு அனுப்பினால் வாங்கப் போன சாமானைத் தவிர எல்லாவற்றையும் வாங்கி வருவார். அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று ஆகிவிட்டால் பிறகு எங்கே உட்காருவது என்று அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

பதிவை ஓடவிட்டார். “அவள் கதவை மூடினாள்” என்றது கிணற்றுக் குரல். மூடினாள் என்பதில் வண்டு சிறகடித்தது.

“உனக்குக் கேக்குதா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“கேக்குதுங்க. நல்லா கேக்குது.”

அவருக்கு உயிர் வந்தது. ஆனால் பாதிதான் வந்தது. அந்தப் பதில், கேள்வி முடிவதற்குள் வந்துவிட்டிருந்தது.

மத்தியானம் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். பக்கத்துத் தெருவில் எலெக்ட்ரிக் கடை வைத்திருப்பவன். அக்கா வரச்சொல்லியிருந்தாள். சட்டைப்பையில் டெஸ்டர் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. கல்யாண ஃபோட்டோவில்கூட அது மாலைக்கு நடுவே எட்டிப் பார்க்கும்.

“எர்த்து மாமா,” என்றான், செருப்பைக் கழற்றும்போதே.

“நீ இன்னும் கேக்கவே இல்லையேடா.”

“கேக்கணுமா என்ன? உலகத்துல எந்த எரைச்சலா இருந்தாலும் எர்த்துதான். எங்க வீட்டுல சண்ட வந்தாக்கூட நான் மொதல்ல எர்த்ததான் பாக்கறது.”

“எர்த்துல கோளாறுன்னா நிக்காம இரைஞ்சுக்கிட்டே இருக்கும். இது அந்தம்மா பேசறப்ப மட்டுந்தான் வருது. வாய மூடினா இதுவும் மூடிக்குது.”

“மரியாத தெரிஞ்ச எர்த்து,” என்றான் மச்சினன்.

இருந்தாலும் சந்தேகம் வேண்டாம் என்று ஃபிரிட்ஜைப் பிடுங்கினார்கள். ஃபேனை நிறுத்தினார்கள், ட்யூப்லைட்டை அணைத்தார்கள், செல்ஃபோன் சார்ஜர்களை எல்லாம் உருவினார்கள். மச்சினன் மெயின் பெட்டிவரை போய் முகர்ந்து பார்த்துவிட்டு வந்தான். வீட்டில் ஆம்ப்ளிஃபயரும் பெட்டிகளும் தவிர எல்லாம் செத்துக் கிடந்தன. புழுக்கத்தில் மூவருக்கும் வேர்த்துக் கொட்டியது.

அவள் கதவை மூடினாள். ஞ்ஞ்ஞ்.

அடுத்து, ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் இருக்கும் வயர்களை மாற்றிப் போட்டார். இடது பெட்டிக்குப் போவது வலதுக்கு, வலதுக்குப் போவது இடதுக்கு. இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது. கோளாறு ஆம்ப்ளிஃபயரிலோ பதிவிலோ இருந்தால் வண்டு வலது பக்கம் தாவ வேண்டும். பெட்டியில் இருந்தால் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வண்டு தாவவில்லை.

“அப்ப பெட்டிதான்!” என்று காதுக்காரர் கிட்டத்தட்டக் கூவினார். பெட்டியில் கோளாறு என்றால் அதைப்போல நிம்மதி உண்டா? உள்ளே இருக்கும் காகிதக் கூம்பு கிழிந்திருக்கலாம், திருகு தளர்ந்திருக்கலாம். பெட்டியை மாற்றிக்கொள்ளலாம். “மச்சான், தூக்குடா. ரெண்டையும் எடம் மாத்துவோம்.”

பெட்டி ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி கனம். மூச்சு வாங்க இடம் மாற்றினார்கள். சந்தேகப்பட்ட பெட்டி இப்போது வலது பக்கம். காதுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பதிவை ஓடவிட்டு, வலது பக்கமே முழு மனசையும் திருப்பி வைத்துக் காத்திருந்தார்.

ஞ்ஞ்ஞ் என்றது, இடது பக்கம்.

 பதிவு இல்லை, ஆம்ப்ளிஃபயர் இல்லை, வயர் இல்லை, பெட்டியும் இல்லை. ஆனாலும் இடது பக்கம். இனி மிச்சமிருப்பவை இரண்டே. ஒன்று, கூடத்தின் இடது பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு பொருள், அந்தக் குரலுக்குக் கூடச் சேர்ந்து அதிர்கிறது. இன்னொன்றை அவர் மனசுக்குள்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

“அந்த ஷோகேஸக் காலி பண்ணு,” என்றார்.

காலி செய்தார்கள். கோப்பைகள், பொம்மைகள், மச்சினன் தன் அக்காவுக்குப் பரிசாகக் கொடுத்து யாரும் பிரிக்காத டின்னர் செட், எல்லாம் வலது பக்கம் இருந்த நாற்காலிகளின் மேல் ஏறின. சுவர்க் கடிகாரம் இறங்கியது. காலண்டர் இறங்கியது. ஜன்னல் கம்பிகளுக்கு இடையில் துணி அடைத்தார்கள், கதவு இடுக்கில் அட்டை சொருகினார்கள், திரைச்சீலையின் வளையங்களைக்கூட ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கடைசியில் இடது பக்கம் வெறும் சுவர் மட்டுமே நின்றது. மச்சினன் அதன்மேல் தன் முதுகை வைத்து அழுத்திக்கொண்டு நின்றான், ஒருவேளை சுவரே அதிர்ந்தால் பிடித்து வைக்க.

“போடுங்க மாமா. நான் பிடிச்சிருக்கேன்.”

அவள் கதவை மூடினாள். வண்டு முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

“இன்னும் கேக்குதா?” என்று இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார்.

“கேக்குதே,” என்றாள் மனைவி.

“காத அடைக்குது மாமா,” என்றான் மச்சினன்.

காதுக்காரர் எழுந்து போய், அந்தப் பதிவை நிறுத்திவிட்டு, புல்லாங்குழல் பதிவு ஒன்றைப் போட்டார். தூய்மையான பதிவு. அவரே கேட்டு அனுப்பியது. அதில் அவருக்கே எந்த வண்டும் கேட்கவில்லை. “இதுல?” என்றார் சாதாரணமாக.

“இதுலதாங்க ரொம்ப அதிகமா இருக்கு,” என்றாள் மனைவி.

“ஒண்ணுக்கு ரெண்டு வண்டு,” என்றான் மச்சினன், சுவரை விடாமல்.

காதுக்காரர் புல்லாங்குழலை நிறுத்தினார்.  மனைவிக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் என்ன நடந்ததென்று தெரிந்துவிட்டது.

“இல்லீங்க... நீங்க கேக்குதுன்னு சொல்றப்போ, எனக்கு மட்டும் கேக்கலைன்னு எப்படிச் சொல்றது?”

“கல்யாணமானதுலேர்ந்து இப்படித்தானா?”

“எதிர்வீட்டு ஃபிரிட்ஜுல பால் திரிஞ்சதத் தவிர,” என்றாள். “அது நெஜமாவே நாறுச்சு.”

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இனி ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. அதற்கு டெஸ்டர் வேண்டாம், பெட்டி தூக்க வேண்டாம். நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும், அவ்வளவுதான். இடது பக்கத்து ஜன்னல் சுவர் அப்போது அவருக்கு வலது பக்கமாகிவிடும். வண்டு வலது பக்கம் போனால் அது கூடத்தில் இருக்கிறது. இடது பக்கமே தங்கிவிட்டால், அவர் எங்கே திரும்பினாலும் அதுவும் கூடவே திரும்புகிறது என்று அர்த்தம். ஒரு குழந்தைகூடச் செய்து பார்த்துவிடக் கூடிய சோதனை. பிளக் பிடுங்குவதற்கு முன்னாலேயே அவருக்கு இது தெரியும். தெரிந்துதான் மத்தியானம் முழுக்க வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, திரும்பி உக்காந்து கேட்டா என்ன?” என்றாள் மனைவி மெதுவாக.

“கேக்கலாம்,” என்றார். எழுந்திருக்கவில்லை.

“நான் வேணா திருப்பிப் போடட்டா மாமா?”

“நீ சுவரப் பிடிச்சுக்கிட்டே இரு.”

அவரே எழுந்தார். நாற்காலியைத் திருப்பினார். அது தரையில் உரசிய சத்தம் அவருக்குத் துல்லியமாகக் கேட்டது. முன்னங்கால் ஒன்று மற்றதைவிடத் துளி குட்டை என்பதுகூடத் தெரிந்தது. இந்தக் காதா கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். உட்கார்ந்து, பிரதியை மடியில் விரித்து, மனைவிக்குத் தலையசைத்தார். அவள் பதிவை ஓடவிட்டாள்.

அவள் கதவை மூடினாள்.

இடது பக்கம். இருந்த இடத்தில், இம்மி பிசகாமல், அவரோடு கூடவே திரும்பி வந்திருந்தது வண்டு.

 அவர் முகத்தில் ஈயாடவில்லை. அழைப்பு மணி அடித்தது.

மேனேஜர் கையில் ஒரு பழக்கூடையுடன் வந்தார். நோயாளியைப் பார்க்க வருகிறவர் மாதிரி. அவருக்குப் பின்னால் வாசிக்கும் அம்மாள் வந்தார். குட்டையான, ஒல்லியான உருவம். அத்தனை பெரிய குரலை எங்கே வைத்திருக்கிறார் என்று மச்சினன் அவரைச் சுற்றிப் பார்த்தான். இப்போது அந்தக் குரலும் கம்மிப் போயிருந்தது.

“வண்டு இருக்குன்னு எழுதினது நீங்கதானே?” என்றார், நின்ற இடத்திலிருந்தே. “என் தொண்டையிலயா, மைக்குலயா? அதையாவது சொல்லுங்க. ரெண்டு தடவ ஒரு நாவலப் படிச்சிருக்கேன். எழுதினவரே அதை ஒரு தடவைக்கு மேல படிச்சிருக்க மாட்டாரு.”

“உக்காருங்கம்மா,” என்றாள் மனைவி. உட்கார இடமில்லை. நாற்காலிகளின் மேலெல்லாம் ஷோகேஸ் சாமான்.

“போடுங்க சார்,” என்றார் மேனேஜர்.

காதுக்காரர் நாற்காலியைப் பழையபடி திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். குரல் எழுந்தது, தாழ்ந்தது, வண்டு இரைந்தது. தன்னையறியாமல் அவர் முகம் சுளித்தது. அதைப் பார்த்த மேனேஜரும் முகம் சுளித்தார். கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து மேனேஜருக்கு அது பழக்கம். காதுக்காரர் சுளித்தால் சுளிப்பார், தலையாட்டினால் ஆட்டுவார். தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று ஒலிப்புத்தகக் கம்பெனி மேனேஜர் எந்த வாயால் சொல்வார்?

“இருக்கு சார்!” என்றார் மேனேஜர். “இருக்கு. நல்லாத் தெரியுது. மெஷினுக்கு இதெல்லாம் எங்க சார் கேக்கப் போவுது? நாளைக்கே அத மூட்ட கட்டிடறேன். நீங்க தப்பா எடுத்துக்காதீங்கம்மா, இன்னொரு தடவ வாசிச்சுக் குடுத்துருங்க.”

வாசிக்கும் அம்மாள் பெட்டியருகே போய்க் குனிந்து கேட்டார். நிமிர்ந்தார். “எனக்குக் கேக்கல,” என்றார். கம்மிய குரலில் அவ்வளவுதான் வந்தது. வாதாடக்கூட அதில் தெம்பில்லை.

மனைவி காதுக்காரரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். மெஷின் போய்விடும், நாற்காலி இருக்கும். அந்த அம்மாள் மூன்றாவது முறை வாசிப்பார்; அதையும் இவர் கேட்பார்; அதிலும் வண்டு இருக்கும். மேனேஜர் மறுபடி முகம் சுளிப்பார். இப்படியே அந்த அம்மாளின் தொண்டை இருக்கிறவரை ஓட்டலாம்.

“மேனேஜர் சார்,” என்றார் காதுக்காரர். “உக்காந்துக்கங்க.”

“எங்க சார் உக்கார்றது?”

“சரி, நின்னுக்கங்க. பதிவுல வண்டு இல்ல. இந்தம்மா சொல்றது சரி. எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே திரும்புது.” இடது காதை விரலால் காட்டினார். “போனது என் காதுதான்.”

மச்சினன் சுவரை விட்டுவிட்டான். குரல் மட்டும் பின்னால் வாசித்துக்கொண்டே இருந்தது. காதுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டித் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

வண்டு நின்றது.

துடைத்த கை அப்படியே நின்றது. குரல் தாழ்ந்தது, எழுந்தது, மறுபடி தாழ்ந்தது. ஒன்றுமில்லை. கண்ணாடியை மாட்டினார். ஞ்ஞ்ஞ். கழற்றினார். சுத்தம். மாட்டினார். ஞ்ஞ்ஞ். இடது காதுக்குப் பின்னால் வளைந்து போகும் காம்பை ஆட்டிப் பார்த்தார். விழப்போகும் பல் மாதிரி ஆடியது. அதன் திருகு தளர்ந்து, அந்தக் குரல் தாழும்போதெல்லாம் கூடவே அதிர்ந்து, நேராக எலும்பு வழியாகக் காதுக்குள் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

“கண்ணாடி!” என்றார். “காது இல்ல. கண்ணாடி!”

மேனேஜர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “சரி சார். கண்ணாடிதான். நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க.”

“பித்துப் பிடிச்சுச் சொல்லலய்யா. நீங்களே போட்டுப் பாருங்க.”

மேனேஜர் மாட்டிக்கொண்டு, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் காதுக்காரரையே பார்த்தார். “அப்படியும் இருக்கு, இப்படியும் இருக்கு,” என்றார்.

“இங்க குடுங்க,” என்று வாசிக்கும் அம்மாள் அதைப் பிடுங்கித் தன் காதில் மாட்டினார். தன் குரலையே கேட்டபடி நின்றார். கதவு மூடும் வரி வந்தது. “ஐயய்யோ!” என்று தலையை உதறினார். “இருக்கே! உள்ள பூந்து கொடையுதே! இதையா ஒரு மாசமாக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க?”

இத்தனை நேரம் கேட்கவில்லை என்று சொன்ன ஒரே ஆள் கேட்கிறது என்று சொன்னதும், அந்தக் கூடத்தில் அதை மறுக்க யாருமில்லை.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். “சந்தோஷம் சார். காது நல்லாயிருக்கு. ஆனா ஒண்ணு. பதிவுல வண்டு இருக்குன்னீங்க. இல்ல. இல்லேன்னு மெஷின் சொல்லுச்சு. அதுவும் சரியாப் போச்சு. அப்ப...” பழக்கூடையை எங்கே வைப்பது என்று தேடினார். “நான் மேலிடத்துல என்னன்னு சொல்றது?”

 காதுக்காரர் கையைத் தூக்கி நிறுத்தும்படி சாடை காட்டினார். மேனேஜர் பேச்சை நிறுத்தினார். ஆனால் அவர் நிறுத்தச் சொன்னது பதிவை.

ஒரு மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பதிவை அவர் வண்டை எதிர்பார்க்காமல், வெறுங்காதால் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் பின்னால போடு,” என்றார் மனைவியிடம். போட்டாள். “இன்னும் கொஞ்சம். ம். இந்த எடம்.” கண்ணை மூடிக்கொண்டார். குரல் ஒரு வாக்கியத்தை முடித்து, அடுத்ததற்கு மூச்செடுத்தது. “இது எப்ப வாசிச்சதும்மா? ரெண்டாவது தடவையா?”

“ஆமா. ஏன்?”

“அன்னிக்குக் காலைல சாப்பிடலையா?”

வாசிக்கும் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

“மூச்செடுக்கறதுக்கு அடியில உங்க வயிறு கத்துது,” என்றார் காதுக்காரர். “ரொம்பச் சன்னமா. பூனைக்குட்டி மாதிரி.”

மனைவி ஒலியை முழுக்க ஏற்றி வைத்தாள். எல்லோரும் பெட்டியைச் சுற்றிக் குனிந்தார்கள். கதவு மூடிய பிறகு, குரல் மூச்செடுக்கும் அந்த ஒரு நொடியில், ‘ங்யூ’ என்று ஒன்று கேட்டது. மச்சினன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

“கோவம்,” என்றார் அந்த அம்மாள், முகத்தை மூடிக்கொண்டு. “மறுபடி வாசிக்கச் சொல்லிட்டாங்களேன்னு கோவம். அன்னிக்கு ஒரு வாய் சாப்பிடாம போய் உக்காந்தேன்.”

“மெஷின் இதச் சொல்லுச்சா?” என்று மனைவி மேனேஜரைக் கேட்டாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் கணவருக்காக அவள் கேட்ட முதல் உண்மையான கேள்வி அது.

மேனேஜர் இல்லையென்று தலையாட்டினார். பிறகு காதுக்காரர் அருகே வந்து குரலைத் தணித்தார். “சார், முன்னாடி நான் வண்டு கேக்குதுன்னு சொன்னேனே... அது மேலிடத்துக்குப் போக வேணாம்.”

“எது?” என்றார் காதுக்காரர். “என் காதுல ஒண்ணும் விழலயே.”

மேனேஜர் பழக்கூடையைத் தரையில் வைத்துவிட்டு, ஸ்டுடியோவுக்கு ஃபோன் செய்யப் படிக்கட்டுப் பக்கம் போனார். மச்சினன் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து, ஸ்விட்ச்போர்டு கழற்றும் டெஸ்டரால் அந்தக் கடுகளவு திருகை முறுக்கப் பார்த்தான். கண்ணாடி இரண்டாக வந்தது. “எர்த்து,” என்றான், யாரும் கேட்பதற்கு முன்னால்.

“ஒரே ஒரு வரிதாம்மா,” என்றார் காதுக்காரர். “அத மட்டும் திரும்ப வாசிச்சாப் போதும். ஆனா சாப்பிட்டுட்டு.”

மனைவி அடுப்படிக்குள் போனாள். தட்டை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், கரண்டியை வேண்டுமென்றே பாத்திரத்தில் தட்டிப் பரிமாறினாள். கூடத்தில் வாசிக்கும் அம்மாளுக்காக ஒரு நாற்காலியின் மேலிருந்த டின்னர் செட்டைக் கீழே இறக்கிவைத்துக்கொண்டிருந்த காதுக்காரர், அந்தச் சத்தத்துக்கு முகம் சுளிக்கவே இல்லை.